மூலை வெட்டிய மூன்று சவ்வுகள்

சுடுகாட்டிலிருந்து நாங்கள் திரும்பி வந்தபோது அவனியாபுரத்தில் எங்கள் தெரு முழுக்க ஈரமாக இருந்தது. மழை பெய்யவில்லை. எங்கள் வீட்டிலிருந்துதான் தண்ணீர் ஓடியிருந்தது.

எங்கள் ஆட்களிடம் அது வழக்கம். பிணம் வீட்டை விட்டுக் கிளம்பியதும் பெண்கள் வீட்டைக் கழுவி விடுவார்கள். பிடித்து வைத்த தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே இருக்கக் கூடாது. குடம், அண்டா, டிரம், கேன் எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்துவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிப்பார்கள்.

கொட்டிக்கொண்டிருந்தது பூவாத்தா அத்தை. அப்பாவுடன் பிறந்தவள், கொட்டாம்பட்டிப் பக்கம் இருக்கிறாள். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள். யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று எதையும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

வாசலில் என் தலையில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு அத்தை கூப்பிட்டாள்.

“பாண்டி, பீரோ மேல ஒரு பாட்டில்ல தண்ணி இருக்குய்யா. எனக்குக் கை எட்டல. எடுத்துக் குடு.”

நான் எடுத்துக் கொடுத்தேன்.

அகல வாய் கண்ணாடி பாட்டில் அது. மேலே அக்காவின் கையெழுத்தில் ஒரு லேபிள். உள்ளே தண்ணீரில் மூன்று சிறிய தாள்கள், தாள் என்றுகூடச் சொல்ல முடியாது, வெங்காயத்தின் உள் தோல் மாதிரி, ஊறிக் கிடந்தன. அது அக்காவின் ஐந்து மாத வேலை. எனக்கு அது தெரியும். நன்றாகத் தெரியும். ஆனாலும் எடுத்துக் கொடுத்துவிட்டு, துண்டைப் பிழிந்து தலையைத் துவட்டிக்கொண்டு நின்றேன்.

போன வாரம் இந்தப் பத்திரிகையில் அக்காவின் கடைசிக் காய்ச்சலைப் பற்றி எழுதினேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது. இந்த வாரம் அந்தப் பாட்டிலைப் பற்றிச் சொல்கிறேன்.

மாடும் மாட்டுக்காரனும்

என் அக்கா வளர்மதி என்னதான் படித்தாள் என்று இதைப் படிக்கிற நீங்கள் சிலர் கேட்டிருக்கிறீர்கள். நானும் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் யாராவது கேட்டால் “கெமிஸ்ட்ரியில டாக்டருக்குப் படிக்குது” என்பேன். உடனே, “அப்ப ஊசி போடுமா?” என்பார்கள்.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். அப்பா இறந்த வருடம் அது. நான் அக்காவுக்காகப் படிப்பை விட்டுக் கொடுத்தேன் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படி எல்லாம் இல்லை. எனக்குப் படிப்பு ஏறவில்லை, லேத் பிடித்திருந்தது, அவ்வளவுதான். இங்கே ஒரு பட்டறையில் சேர்ந்து ஏழெட்டு வருடமாகிறது. பட்டறைக்காரர் ராசு அண்ணன்.

அக்கா ஒரு தடவை எனக்கு விளக்கினாள். பொங்கல் முடிந்த சமயம். ஜல்லிக்கட்டுக்குக் கட்டின கம்பு எல்லாம் இன்னும் அவிழ்க்காமல் ரோட்டோரம் நின்றது.

“டேய், வாடிவாசல்ல என்ன நடக்கும்?”

“மாட்ட அவுத்து விடுவாக.”

“மாட்டுக்காரன்?”

“அவன் எப்படிக்கா வாடிவாசல் வழியா வருவான். வெளிய சுத்தித்தான் ஓடணும். மாடு போய் நிக்கிற எடத்துல போய்ப் புடிக்கணும்.”

“அம்புட்டுத்தான். ஹைட்ரஜன்னு ஒரு கேஸ் இருக்கு. அதுல மாடும் மாட்டுக்காரனும் ஒண்ணாத்தான் வரும். நடுவுல நான் ஒரு சவ்வு வைக்கிறேன். அது மாட்ட மட்டும் உள்ள விடும். அதுக்குப் பேரு புரோட்டான். மாட்டுக்காரனுக்குப் பேரு எலக்ட்ரான். அவன் கம்பி வழியா சுத்தித்தான் போகணும். போற வழியில லைட்ட எரிச்சுட்டு, ஃபேன ஓட்டிட்டுப் போவான். அதான் கரண்டு.”

“அந்தப் பக்கம் போய்?”

“ரெண்டு பேரும் சேந்து, காத்துல இருக்க ஆக்ஸிஜனோட கலந்து தண்ணியாயிருவாங்க. புகை கெடையாது. மிச்சம் வர்றது தண்ணி மட்டும்தான்.”

இதற்கு ஃப்யூல் செல் என்று பெயர். அந்தச் சவ்வு எப்போதும் ஈரமாக இருக்க வேண்டுமாம். காய்ந்தால் மாடு உள்ளே நுழையாது. வெளிநாட்டில் செய்கிற சவ்வு நன்றாக வேலை செய்யும், ஆனால் விலை எங்கேயோ இருக்கிறது, மண்ணில் போட்டாலும் மட்காது என்று அக்கா சொன்னாள். நம் ஊரில் கிடைக்கிற பொருளில் செய்ய முடியுமா என்று பார்ப்பதுதான் அவள் படிப்பு.

அவள் எடுத்த பொருள் புளியங்கொட்டை.

கொட்டை வந்த வழி

கொட்டாம்பட்டி போகிற ரோட்டில் புளிய மரங்களைப் பார்த்திருப்பீர்கள். வெயில் காலத்தில் புளி உலுக்கி, ஓடு உடைத்து, கொட்டை எடுப்பது அத்தைக்கு வேலை. கொட்டையை மூட்டை கட்டி வைத்திருப்பாள், யாராவது அரைக்க வாங்கிப் போவார்கள், நூலுக்குக் கஞ்சி போட ஆகும் என்பார்கள்.

அக்கா ஒரு நாள் போய், “அத்தை, ரெண்டு படி கொட்டை குடுங்க” என்றாள்.

“எதுக்குடி?”

“படிக்கிறதுக்கு.”

“இதப் படிக்கவா காலேசுக்குப் போனே? இங்கயே ஒக்காந்திருந்தா நான் சொல்லிக் குடுத்திருப்பேன்ல” என்று அத்தை சிரித்ததை அக்கா வந்து நடித்துக் காட்டுவாள்.

கொட்டையை வறுத்துத் தோல் எடுத்து, அரைத்து, கொதிக்க வைத்து, பசையைத் தனியாகப் பிரிப்பார்கள். பசையோடு இன்னும் ஏதேதோ சேர்த்துக் கண்ணாடித் தட்டில் ஊற்றி மெல்லிய சூட்டில் உலர்த்தி உரித்தால் சவ்வு. முதல் வருடம் முழுக்க அவள் உரித்த சவ்வெல்லாம் தண்ணீரில் போட்டதும் கரைந்தது. கஞ்சி கரையத்தானே செய்யும். சாப்பிடும்போது பேச மாட்டாள். கேட்டால், “இன்னைக்கும் கரைஞ்சிருச்சு” என்பாள். சாவு விழுந்த வீட்டுச் செய்தி மாதிரி சொல்வாள்.

அப்புறம் ஒரு நாள் கரையாத ஒன்று வந்தது. அதில் மூன்று துண்டை வெட்டித் தண்ணீரில் போட்டு, எத்தனை மாதம் தாங்குகிறது என்று பார்க்க ஆரம்பித்தாள். அந்தச் சமயம் பார்த்து லேப்பை வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். சாமான் ஏற்றி இறக்குகிற இடத்தில் பாட்டில் தவறிவிடும் என்று பயந்து வீட்டுக்குக் கொண்டு வந்தாள்.

“பீரோ மேல வச்சா யாரும் தொட மாட்டாங்க” என்றாள்.

வாரா வாரம் லேப் தண்ணீர் கொண்டு வந்து மாற்றுவாள். எது எந்தத் துண்டு என்று தெரிய வேண்டுமே, மையில் எழுதினால் தண்ணீரில் போய்விடும். அதனால் ஒன்றுக்கு ஒரு மூலை வெட்டு, இன்னொன்றுக்கு இரண்டு மூலை, கடைசிக்கு மூன்று மூலை.

லாரி வீலாடா இது

எனக்கும் அந்தப் படிப்பில் ஒரு பங்கு உண்டு. பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

சவ்வை வைத்துப் பார்க்க ஒரு டப்பா வேண்டும். கறுப்புத் துணி மாதிரி இரண்டு, அவற்றுக்கு நடுவில் சவ்வு, இரண்டு பக்கமும் கேஸ் போக வாய்க்கால் மாதிரி காடி வெட்டின கரித் தகடு, அதற்கும் வெளியே இரும்புத் தகடு, எட்டு போல்ட். இரும்புத் தகட்டை வெளியில் வாங்க நாளாகும் என்று அக்கா படம் போட்டு என்னிடம் கொடுத்தாள். ராசு அண்ணன் பழைய இரும்பில் நல்லதாக இரண்டு பொறுக்கிக் கொடுத்தார்.

“இது என்னடா மாப்ள, இட்லித் தட்டா?”

“அக்கா படிப்புக்குண்ணே.”

“அப்ப பாலிஷ் போட்டுக் குடு. நம்ம பட்டறையில செஞ்சதுன்னு காலேசுல தெரியணும்.”

அதை எடுத்துக்கொண்டு முதல் தடவை லேப்புக்குப் போனபோது, நானே முடுக்குகிறேன் என்று ஸ்பேனரை வாங்கினேன். கேஸ் கசியக் கூடாது என்றார்கள் அல்லவா, பலம் கொண்ட மட்டும் முடுக்கினேன். பிரித்துப் பார்த்தால் சவ்வு கரித் தகட்டின் விளிம்பில் வெட்டுப்பட்டு இரண்டாகக் கிடந்தது.

அக்கா திட்டவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“லாரி வீலாடா இது?”

லேப்பில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பிறகு நான்தான் அவளுக்கு ஒரு விஷயம் சொன்னேன். என்ஜின் ஹெட்டை மாட்டும்போது நாங்கள் வரிசையாக முடுக்க மாட்டோம். ஒரு போல்ட், அதற்கு நேர் எதிர் போல்ட், அப்படிக் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக. அப்போதுதான் உள்ளே இருக்கிற கேஸ்கட்டில் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒன்றாக விழும். அக்கா அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் சொன்னதை ஒருத்தர் நோட்டில் எழுதியது அதுதான் முதல் தடவை.

ஐந்து மாதம் ஆனதும் பாட்டிலில் இருக்கிற சவ்வை மாட்டிப் பார்க்கப்போவதாகச் சொன்னாள். “சனிக்கிழமை வாடா, ஃபேன ஓட விட்டுக் காட்டுறேன்.”

“சனிக்கிழம லோடு எறங்குதுக்கா. அடுத்த வாரம் வாரேன்.”

அந்தச் சனிக்கிழமை அவளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அடுத்த வாரம் அவள் இல்லை.

தூசியில் ஒரு வட்டம்

பதினாறாம் நாள் காரியத்துக்கு மேடம் வந்திருந்தார். அக்காவுக்கு வழிகாட்டிய பேராசிரியை. திருநகரிலிருந்து தானே ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு வந்தார். பாயில் உட்கார்ந்து, அம்மா கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நாற்காலி போட்டோம், வேண்டாம் என்றுவிட்டார்.

கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பாண்டி, இதக் கேக்கக் கூடாதுன்னுதான் நெனச்சேன். வளர்மதி ஒரு பாட்டில் வீட்டுல வச்சிருந்தாளே, இருக்கா?”

அதுவரை, சத்தியமாகச் சொல்கிறேன், பதினாறு நாளும் அந்தப் பாட்டில் என் நினைவுக்கு வரவேயில்லை.

“லேப்ல இருந்த துண்டெல்லாம் ஒவ்வொரு டெஸ்ட்டுக்கா வெட்டித் தீந்துபோச்சுப்பா. அஞ்சு மாசம் ஊறினது அந்த மூணுதான். அதுல ஒண்ண ஓட்டிப் பாத்துட்டா அவ ஆராய்ச்சிப் பேப்பர அனுப்பிரலாம். இல்லன்னா இன்னொருத்தர் முதல்ல இருந்து செய்யணும். அப்ப அது அவங்க வேலையாப் போயிரும்.”

ஓடிப்போய் நாற்காலி மேல் ஏறிப் பார்த்தேன். பீரோ மேல் தூசி. தூசியில் பாட்டில் இருந்த இடம் மட்டும் வட்டமாகச் சுத்தமாக இருந்தது. பாட்டில் அடுப்படியில் இருந்தது. கழுவி, கடுகு போட்டு, மூடி வைத்திருந்தார்கள். லேபிளைக் கிழிக்காமல் விட்டிருந்தார்கள்.

நான் கடுகு பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா பார்த்தாள். மேடம் பார்த்தார்.

அத்தைதான் முன்னால் வந்தாள்.

“நான்தாம்மா கொட்டுனேன். வீட்டுல தண்ணி இருக்கக் கூடாதுன்னு, அம்புட்டையும் கொட்டுனேன், அதையும் கொட்டிப்புட்டேன். என்னான்னு தெரியாது எனக்கு.”

யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்று அவள் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

மேடம் கண்ணை மூடித் திறந்தார். “பரவாயில்லம்மா. உள்ள இருந்தது, அதுவும் தண்ணியோட போயிருச்சா?”

“அது போகல.”

“போகலையா?”

“தாளு மாதிரி மூணு வழுக்கிக்கிட்டு வந்துச்சு. தூக்கி எறியத்தான் போனேன். பாத்தா மூலையில வெட்டு. ஒண்ணுல ஒரு வெட்டு, ஒண்ணுல ரெண்டு, ஒண்ணுல மூணு. நாங்க ஆட்டுக்குக் காதுல அடையாளம் வெட்டுவோம்ல, அதே கணக்கு. அடையாளம் வச்சிருந்தா அது யாருக்கோ சொந்தமான உருப்படிதான, குப்பையில்லையே. சுவத்துல ஒட்டிக் காய வச்சேன். காஞ்சதும் ஊருக்குக் கொண்டு போயிட்டேன். எங்க வளரு பொருளு, அவ நெனப்பா எங்கிட்ட இருக்கட்டுமேன்னு.”

அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. லேபிளில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் மூலை வெட்டைப் படித்திருக்கிறாள். அந்த வீட்டில் அன்றைக்கு அதைப் படித்தது அவள் ஒருத்திதான்.

மேடம் முகம் கொஞ்சம் தெளிந்தது. உடனே, “காஞ்சிருக்கும். வெயில்ல வேற. வெடிச்சிருக்கலாம். ரொம்ப நம்பிக்கை வச்சுக்காதீங்க. ஆனா கொண்டு வாங்க” என்றார்.

ரேஷன் கார்டு உறை

மறுநாள் நானும் அத்தையும் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினோம். மேலூர் தாண்டுகிற வரைக்கும் நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். அப்புறம் கேட்டுவிட்டேன்.

“ஏன் அத்தை நான் எடுத்துக் குடுத்தேன்னு சொல்லல?”

“எதுக்குச் சொல்லணும்.”

“நான்தான எடுத்துக் குடுத்தேன். அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும் அத்தை. தெரிஞ்சேதான் குடுத்தேன்.”

“தெரிஞ்சு எங்க குடுத்தே. அன்னைக்கு நீ எங்க இருந்தே, சொல்லு. கேட்டிருந்தா ஒஞ் சட்டையவே கழட்டிக் குடுத்திருப்ப.” முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து என் மடியில் வைத்தாள். “ஒங்காத்தாவுக்கு இப்ப இருக்கிறது நீ ஒருத்தன். ஒம் மேல அவளுக்கு ஒரு துளி வருத்தம் வரக் கூடாது. எம் மேல வந்தாத் தாங்கிக்கிருவேன். நாத்தனா மேல வருத்தம் இல்லாத வீடு எங்க இருக்கு.”

நான் முறுக்கைத் தின்றேன். உப்பாக இருந்தது. முறுக்கில் உப்பு கூடவா, என் கண்ணீரா என்று தெரியவில்லை.

வீட்டில் அத்தை தகரப் பெட்டியைத் திறந்து பழைய ரேஷன் கார்டின் பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே இரண்டு சவ்வுதான் இருந்தன. பழுப்பேறி, ஓரம் சுருண்டு, தொட்டால் மொறமொறவென்றது. ஒரு வெட்டு வைத்த துண்டு நடுவில் விரிசல் விட்டிருந்தது. இரண்டு வெட்டு வைத்தது முழுசாக இருந்தது.

“மூணாவது?”

அத்தை முற்றத்தைப் பார்த்தாள். முற்றத்தில் வெள்ளாடு ஒன்று எங்களைப் பார்த்துக்கொண்டு அசை போட்டது.

“வந்த அன்னைக்கு பையில இருந்து ஒண்ணு கீழ விழுந்திருச்சுய்யா. நான் குனியிறதுக்குள்ள.”

நான் மேடத்துக்கு போன் போட்டுச் சொன்னேன்.

“ஆடு நல்லா இருக்கா?” என்றார்.

“நல்லாத்தான் இருக்கு மேடம். குட்டி போடப் போகுது.”

மேடம் சிரித்தார். நானும் சிரித்தேன். அக்கா போனதிலிருந்து நான் சிரித்தது அப்போதுதான். சிரித்ததும் குற்ற உணர்ச்சியாக இருந்தது, ஆனால் இதைக் கேட்டால் முதலில் சிரிக்கிறவள் அக்காதான் என்று தோன்றியதும் அது போய்விட்டது.

எட்டு போல்ட்

விரிசல் விட்டதில் முதலில் சோதனை பார்த்தார் மேடம். அதை நனைத்து, இளஞ்சூட்டில் வைத்து, அரைநாள் லேசான ஆசிட்டில் போட்டு, மறுபடி தண்ணீரில் அலசினார். பழைய மாதிரி வளைந்தது, கரையவில்லை. பிறகுதான் முழுசாக இருந்ததைத் தொட்டார். இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

ராசு அண்ணனிடம் லீவு கேட்டேன். அன்றைக்கும் லோடு இறங்குகிற நாள்தான்.

“போ மாப்ள. லோட நான் எறக்கிக்கிறேன். போன தடவையே சொல்லியிருந்தீன்னா நான் என்ன வேண்டாம்னா சொல்லியிருப்பேன்” என்றவர், சொல்லி முடிக்கும் முன்பே நாக்கைக் கடித்துக்கொண்டார். பாவம், அவர் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. தன் சொந்த ஸ்பேனரை எடுத்து என் பையில் போட்டார்.

லேப்பில் அக்காவின் நோட்டு திறந்து வைத்திருந்தது. “குறுக்குக் குறுக்காக, கால் சுற்று. தம்பி சொன்னது” என்று எழுதியிருந்தாள். என் பெயர் அல்ல, தம்பி என்று. எத்தனை பேர் படிக்கிற நோட்டில்.

மேடம் சவ்வைக் கறுப்புத் துணிகளுக்கு நடுவில் வைத்து அமர்த்தினார். ஈரமாக, கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு கோடு. சுவரில் ஒட்டியிருந்த இடமாக இருக்கும். இரண்டு மூலையிலும் வெட்டு. என் தகடுகளை மேலே வைத்தோம்.

“நீயே முடுக்கு” என்றார்.

ஒரே ஒரு சவ்வு. கிழிந்தால் வேறு இல்லை. ஒரு போல்ட், எதிர் போல்ட். கால் சுற்று. அடுத்தது, அதற்கு எதிர். கால் சுற்று. ஒவ்வொன்றுக்கும் நடுவில் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். லாரி வீலாடா இது. இல்லைக்கா, இல்லைக்கா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே முடுக்கினேன். போதும் என்று கை சொன்ன இடத்தில் நிறுத்தினேன்.

இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தோம், பஞ்சர் கடையில் பார்க்கிற மாதிரியே. குமிழி வரவில்லை.

மேடம் ஹைட்ரஜன் சிலிண்டரை மெதுவாகத் திறந்தார். ஒயர் முனையில் ஒரு சின்ன மோட்டார், அதில் பொம்மைக்கு மாட்டுகிற மாதிரி ஒரு ஃபேன். அது சும்மா இருந்தது. ரொம்ப நேரம் சும்மா இருந்தது. அதைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“பாண்டி.”

திரும்பினேன். ஃபேன் ஒரு இழுப்பு இழுத்து நின்றது. மறுபடி இழுத்தது. அப்புறம் சுற்ற ஆரம்பித்தது. வேகம் எல்லாம் இல்லை. இறக்கைகளை எண்ணிவிடலாம் போலத்தான் சுற்றியது. ஆனால் நிற்கவில்லை.

மேடம் என்னைப் பார்க்காமல் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“புதுசுல இருந்ததுக்கு இது கம்மிதான். இந்த ஒரு துண்ட வச்சு எதையும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா பாரு, தண்ணியிலயே கெடந்தா எம்புட்டு நாள் தாங்கும்னுதான் நாங்க கேட்டோம். காஞ்சு, வெயில் பட்டு, மறுபடி நனைஞ்சும் தாங்குமான்னு கேக்கவே இல்ல. வண்டியில வச்சா தெனமும் அதான நடக்கும். ஓடுறப்ப நனையும், நிறுத்தினா காயும்.”

“அப்ப பேப்பரு மேடம்?”

“புதுசா நிறைய செய்வோம். நனைச்சு, காய வச்சு, நனைச்சுப் பாப்போம். அவ நோட்டுல இருந்துதான் ஆரம்பிக்குது, அவ கேள்வியிலதான் முடியும். முதல் பேரு அவ பேருதான். அத நான் பாத்துக்கிறேன்.”

இன்னொன்றும் சொன்னார். “காய வச்சது யாருன்னு ஒரு வரி எழுதணும். ஒங்க அத்தை முழுப் பேரு என்ன?”

சின்னக் குப்பி

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தபோது டப்பாவின் இன்னொரு பக்கத்துக் குழாய் நுனியில் ஒரு சொட்டு திரண்டது. கனமாகி, விழுந்தது. அடுத்தது திரண்டது.

“தண்ணிதான மேடம்?”

“தண்ணிதான். பாதி, சவ்வு காயாம இருக்க நாம கேஸோட ஈரத்துக்கு விட்டது. மீதி உள்ள உண்டானது. எது எதுன்னு பிரிக்க முடியாது.”

ஒரு சின்னக் குப்பி கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் கொடுத்தார். குழாய் நுனியில் பிடித்துக்கொண்டு நின்றேன். அடி மறைகிற அளவுக்குச் சேர்ந்தது.

முப்பதாம் நாள் சாமி கும்பிட அத்தை வந்திருந்தாள். அக்கா படத்துக்கு முன்னால் அம்மா தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் வைக்கிறாள். தினமும் காலையில் பழையதைக் கொட்டிவிட்டுப் புதிது வைப்பாள். நான் குப்பியை டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“என்னய்யா இது?” என்றாள் அத்தை.

“நீங்க கொட்டுனதுக்குப் பதிலு. அக்கா செஞ்ச தண்ணி.”

அத்தை குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். “எங்கொட்டையில இருந்தா?”

“ஒங்க கொட்டையில இருந்துதான்.”

“குடிக்கலாமா?”

“வேணாம் அத்தை. ஆசிட்டு கொஞ்சம் இருக்கும்.”

இதை எழுத உட்காரும் முன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பாட்டிலை எடுத்துக் கொடுத்தது நான்தான் என்று. பத்திரிகையில் வந்து தெரிவதைவிட என் வாயால் தெரியட்டும் என்று நினைத்தேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

“எனக்குத் தெரியும்டா. நான் அங்கதான ஒக்காந்திருந்தேன்.”

“அப்ப ஏன்மா கேக்கல?”

“பூவாத்தா சொல்ல வேண்டாம்னு நெனச்சா. சரி, அவ ஆசைப்படி இருக்கட்டும்னு விட்டேன்.”

இரண்டு பேர் என்னைச் சுற்றி இப்படி ஒரு வேலை பார்த்திருக்கிறார்கள். எனக்குத் தெரியவே இல்லை. யாருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

முப்பதுக்கு மறுநாள் காலையில் அத்தைதான் முதலில் எழுந்து வீட்டைப் பெருக்கினாள். நான் பாயில் படுத்தபடியே பார்த்தேன். டம்ளரை எடுத்துப் போய் வாசலில் கொட்டினாள், கழுவினாள், புதுத் தண்ணீர் வைத்தாள். பிறகு குப்பியை எடுத்தாள். சேலை முந்தானையால் அதைத் துடைத்தாள். அது இருந்த இடத்தையும் துடைத்தாள்.

மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று ஒரு தடவை திருகிப் பார்த்துவிட்டு, அதே இடத்தில் திரும்ப வைத்தாள்.